பார்ப்பவள்

பெண்ணியம் படிக்க வரும் மாணவிகளுக்கு முதலில் பிடிபடும் பாடங்களில் ஒன்று, பார்வையில் அதிகாரம் இருக்கிறது என்பது. பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் பெண் பார்க்கப்படுகிறாள். சினிமாவில் கேமரா அவளைக் காலிலிருந்து தொடங்கி மெல்ல மேலே ஏறிப் பார்க்கிறது. ‘பெண் பார்த்தல்’ என்ற சடங்கின் பெயரிலேயே எழுவாய் யார், செயப்படுபொருள் யார் என்பது தெளிவாக இருக்கிறது. இதைப் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக வகுப்பில் நடத்திவருகிறேன். அதற்கு அடுத்த பாடத்தை நாம் அவ்வளவாக நடத்துவதில்லை. பார்க்கப்படுபவளாகவே வளர்ந்த ஒருத்தி பார்ப்பவளாக மாறும்போது என்ன நடக்கிறது? அவளுடைய பார்வைக்கும் கணக்குக் கேட்க வேண்டாமா? பறவை பார்க்கப் போன இடங்களில்தான் இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது.

மதுரையைச் சுற்றிக் கண்மாய்களுக்குக் குறைவில்லை. வண்டியூர், அவனியாபுரம், சாமநத்தம் என்று போய்க்கொண்டே இருக்கலாம். நல்ல மழை பெய்த ஆண்டில் தை மாதம் சாமநத்தம் கரையில் நின்றால் சங்குவளை நாரையும் கூழைக்கடாவும் தாழைக்கோழியும் எண்ணி மாளாது. அந்தக் கரையில் தூண்டில் போட்டுக் காலை முழுக்க உட்கார்ந்திருக்கும் ஆணிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. பைனாகுலருடன் நிற்கும் பெண்ணிடம் கேட்பார்கள். “சர்வே எடுக்க வந்தீங்களாம்மா?” “யாரைத் தேடுறீங்க?” “தனியாவா வந்தீங்க?” கேட்பவர்கள் பெரும்பாலும் நல்லவர்கள்தான். ஒரு பெண் வெளியில் நிற்க ஒரு வேலை, ஒரு காரணம், ஒரு துணை வேண்டும் என்று அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. அவள் சும்மா நிற்கலாம், நின்று பார்க்கலாம் என்பது அந்தப் பட்டியலில் இல்லை.

இதே மதுரையின் குளிரில் நடுங்கியபடி ஒரு நாரையைப் பார்த்துப் பாடியவர் சத்திமுத்தப் புலவர். தமிழ் படித்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த பாட்டு. அந்த நாரையின் காலையும் அலகையும் அவர் பார்த்த நுணுக்கத்தைப் பார்த்தால், இன்று அவர் கையில் ஒரு பறவைக் கையேட்டைக் கொடுத்துவிடலாம். வறுமையில் வாடிய புலவரின் துயரம் என்று அதை வகுப்பில் நடத்துவோம். அது உண்மைதான். ஆனால் பாட்டுக்குள் மூன்று பயணங்கள் இருப்பதை என் மாணவிகளிடம் எண்ணச் சொல்வேன். ஆண் நாரை போகிறது. அதன் பெடையும் கூடவே தென்திசைக்குப் போய் வடக்கே திரும்புகிறது. புலவர் பரிசில் தேடி மதுரைக்கு வந்திருக்கிறார். புலவரின் மனைவி மட்டும் நனைந்த சுவருள்ள கூரை வீட்டில் பல்லியின் சத்தத்துக்குக் காது கொடுத்துக் காத்திருக்கிறாள். நாரைப் பெடைக்குக் கிடைத்த வானம் அவளுக்கு இல்லை. அவள் அந்த நாரையைப் பார்த்தாளா, பார்த்து என்ன நினைத்தாள் என்பதை எழுதிவைக்க யாரும் இருக்கவில்லை.

வெளியே போய்ப் பார்த்த பெண்கள் இல்லாமல் இல்லை. பீகாரில் 1923-இல் பிறந்த ஜமால் ஆரா, பள்ளிப் படிப்பை முழுதாக முடிக்கும் வாய்ப்புப் பெறாதவர். சோட்டா நாக்பூர் காடுகளில் அலைந்து பறவைகளைப் பற்றி எழுதினார். பறவை பார்த்தல் பற்றி அவர் எழுதிய சிறு நூலை நேஷனல் புக் டிரஸ்ட் 1970-இல் வெளியிட்டது. சாலிம் அலியின் பெயர் தெரிந்த நம்மில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

கடல் கடந்து போனவர்களில் ஃபீபி ஸ்னெட்சிங்கரின் கதை என்னை அதிகம் தொந்தரவு செய்வது. அமெரிக்கர், நான்கு பிள்ளைகளின் தாய். 1981-இல் புற்றுநோய், இன்னும் ஓராண்டுதான் என்று மருத்துவர்கள் சொன்னபோது, மிச்ச நாளில் பறவை பார்ப்பது என்று முடிவு செய்தார். அந்த ஓராண்டு பதினெட்டு ஆண்டுகளாக நீண்டது. எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பறவை இனங்களைப் பார்த்தார். அதுவரை வேறு யாரும் அவ்வளவு பார்த்ததில்லை. 1986-இல் பாப்புவா நியூ கினியில் அவர் கூட்டுப் பாலியல் வன்முறைக்கு ஆளானார். அதற்குப் பிறகும் பயணத்தை நிறுத்தவில்லை, அந்த நாட்டுக்கே திரும்பவும் போனார். மகள் திருமணத்தன்று வேறொரு நாட்டில் பறவை தேடிக்கொண்டிருந்தார். 1999-இல் மடகாஸ்கர் தீவில் வேன் கவிழ்ந்து இறந்தார்.

இந்தக் கதையைச் சொன்னால் வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிடும். மகள் கல்யாணத்துக்குக்கூட வராத அம்மாவா என்று சிலர் கேட்பார்கள். அப்பாக்கள் வராத கல்யாணங்களைப் பற்றி ஏன் யாரும் புத்தகம் எழுதவில்லை என்று சிலர் திருப்பிக் கேட்பார்கள். நான் இரண்டாவது பக்கம். ஆனாலும் கதையில் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. ஸ்னெட்சிங்கரின் தந்தை உலகம் அறிந்த விளம்பர நிறுவனத்தை நடத்தியவர். அவர் விட்டுச் சென்ற சொத்துத்தான் அந்தப் பயணங்களுக்கான செலவு. சுதந்திரத்துக்கு விமான டிக்கெட்டும் வேண்டியிருக்கிறது. அதை யார் வாங்க முடிகிறது என்று கேட்காத பெண்ணியம் பாதிப் பெண்ணியம்தான்.

எனக்கு அந்த டிக்கெட் கிடைத்தது. மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒரு மணி நேரப் பயணம். இலங்கைத் தீவில் மட்டுமே வாழும் பறவை இனங்கள் முப்பதுக்கும் மேல். உலகத்தில் வேறெங்கும் பார்க்க முடியாது என்பதால் பல நாடுகளிலிருந்தும் கேமராவைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். சிங்கராஜா மழைக்காடு 1988 முதல் யுனெஸ்கோவின் உலக மரபிடம். அங்கே காக்கைக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பறவை உண்டு. நீல உடம்பு, கருஞ்சிவப்புத் தலை, பவளம் போல அலகும் காலும். புளூ மேக்பை என்கிறார்கள். அதைப் பார்த்தவுடன் உடன் வந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் லென்ஸைத் திருப்புவதைப் பார்க்க வேண்டும், கல்யாண வீட்டில் மணப்பெண் மேடைக்கு வந்ததுபோல.

சிங்கராஜாவில் எனக்குப் பிடித்த பறவை அது இல்லை. அந்தக் காட்டில் பல இனப் பறவைகள் ஒன்றாகச் சேர்ந்து இரை தேடும் கூட்டங்கள் பெயர்பெற்றவை. 1980-களின் தொடக்கத்திலிருந்து ஆய்வாளர்கள் அவற்றைத் தொடர்ந்து கவனித்துவருகிறார்கள். கூட்டத்தின் நடுவே எப்போதும் இருந்து அதைக் கட்டிவைத்திருப்பது ஆரஞ்சு அலகுள்ள ஒரு பழுப்புக் குருவி. நம்மூர்த் தவிட்டுக்குருவியின் உறவு. ஓயாமல் பேசிக்கொண்டு, இலை தழைகளைப் புரட்டிக்கொண்டு முன்னால் போகிறது. புரட்டும்போது பறக்கிற பூச்சிகளுக்காகவும், பல கண்கள் தரும் பாதுகாப்புக்காகவும் மற்றவை சேர்ந்துகொள்கின்றன. நீலமும் சிவப்புமாக நாம் படம்பிடிக்கும் அழகுப் பறவைகள் பலவும் இந்தப் பழுப்புக் குருவிகளின் பின்னால் வருகிறவை. வழிகாட்டிகள் அழகுப் பறவையைத் தேடுவதில்லை. பழுப்புக் குருவியின் சத்தத்தைத்தான் காது கொடுத்துக் கேட்கிறார்கள். அது வந்தால் மற்றவையும் வரும். படங்களில் அது இருக்காது. நம் வீடுகளில் எடுத்த குழுப் படங்களில் சமையல்கட்டில் இருந்தவள் இல்லாததுபோல.

நிறத்தைப் பற்றிச் சொல்ல இன்னொன்றும் உண்டு. இலங்கையின் தேசியப் பறவை அந்தத் தீவுக்கே உரிய காட்டுக்கோழி. எங்கே பார்த்தாலும் சேவலின் படம்தான். கோழி பழுப்பு நிறம், அதைப் படம் எடுக்க யாரும் காத்திருப்பதில்லை. பெட்டை மங்கல், ஆண் அழகு, இயற்கையே அப்படித்தான் வைத்திருக்கிறது என்று முடித்துக்கொள்கிறோம். டார்வின் 1871-இல் வேறொன்றைச் சொன்னார். ஆண் பறவைகளின் ஒய்யாரமான நிறங்களும் தோகைகளும் உண்டானது, பெட்டைகள் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்ததால் என்றார். அவர் காலத்து அறிவியலாளர்கள் பலருக்கு இது ஏற்கவில்லை. பரிணாமத்தை டார்வினோடு சேர்ந்தே கண்டுணர்ந்த வாலஸ்கூடப் பெட்டையின் ரசனைக்கு அவ்வளவு வலிமை உண்டு என்பதை மறுத்தார். பெண்ணினம் தேர்ந்தெடுக்கும், அந்தத் தேர்வு உலகத்தின் நிறத்தையே மாற்றும் என்பதை ஒப்புக்கொள்ள அறிவியலுக்கு நூறாண்டுக்கு மேல் ஆனது.

நான் இதை இப்படிப் படிக்கிறேன்: சேவலின் செம்மஞ்சள் நிறம், பழுப்புக் கோழி பார்த்த பார்வையின் பதிவு. அவள்தான் பார்ப்பவள். நாம் அவள் ரசித்ததைப் படம் எடுத்துக்கொண்டு, அவளைச் சட்டகத்துக்கு வெளியே விட்டுவிடுகிறோம். எல்லாப் பறவைக்கும் இது பொருந்தாது. புளூ மேக்பையில் ஆணும் பெண்ணும் ஒரே அழகு. நம் கண்மாய்களில் இருக்கும் மயில் உள்ளானில் பெட்டைக்குத்தான் நிறம் அதிகம், முட்டையை அடைகாப்பது ஆண். ‘இயற்கையே அப்படித்தான்’ என்று யாராவது சொன்னால் சாமநத்தம் பக்கம் அனுப்பிவையுங்கள்.

சிங்கராஜாவிலிருந்து மலையேறி நுவரெலியா போனோம். தீவுக்கே உரிய பறவைகளில் பல அந்த உயரத்தில்தான் இருக்கின்றன. வழியெங்கும் தேயிலை. முதுகில் கூடையுடன் சரிவில் நிற்கும் பெண்களின் படம் இல்லாத இலங்கைச் சுற்றுலா விளம்பரம் உண்டா? பச்சைப் பின்னணி, வண்ணச் சேலை, நல்ல வெளிச்சம். பறவைக்காக வந்த நீள லென்ஸ்கள் வண்டி நின்றவுடன் அந்தப் பக்கம் திரும்பின.

படம் எடுத்து முடித்ததும் ஒரு பெண் கை நீட்டினார். “காசு கேக்குதுங்க பாருங்க” என்று எங்கள் குழுவில் ஒருவர் முகம் சுளித்தார். எனக்கு அந்தக் கை சரியாகவே பட்டது. கொழுந்து பறிப்பது ஒரு வேலை. பிறருடைய படத்துக்காக நின்று சிரிப்பது இன்னொரு வேலை. தன் உருவத்தை எடுத்துக்கொண்டு போகிறவரிடம் அவர் கூலி கேட்கிறார். பறவையால் அதைக் கேட்க முடியாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

பிறகு பேசினோம். “எங்கயிருந்துங்க வாறீங்க?” என்றார். மதுரை என்றேன். “எங்க அப்பாயியோட ஊரு ராம்நாட் பக்கம்னு சொல்லுவாங்க. நான் பாத்ததில்ல.” எதற்கு வந்தீர்கள் என்று கேட்டார். குருவி பார்க்க என்றதும் பக்கத்தில் நின்றவர்களைப் பார்த்துச் சிரித்தார். “எங்க ஊருல குருவி இல்லையான்னு கேளு” என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். நாங்கள் தேடிவந்தது ஓடைக்கரைகளில் விடிகாலையில் மட்டும் தலைகாட்டும் ஒரு கருநீலப் பறவை. வழிகாட்டி அதன் அடையாளத்தைச் சொன்னபோது, “அதுவா, எங்க லயத்துக்குக் கீழ பீலிக்கிட்ட வெள்ளனவே வருமே” என்றார் அந்தப் பெண், ஏதோ பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்வதுபோல.

தீவுக்கே உரியது என்ற சொல்லை அதற்குப் பிறகு என்னால் எளிதாகச் சொல்ல முடியவில்லை. மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி வட்டாரங்களிலிருந்து பஞ்சத்தாலும் சாதியாலும் கடனாலும் துரத்தப்பட்டவர்கள் பாக் நீரிணையைக் கடந்து, மன்னாரிலிருந்து காட்டு வழியே நடந்து மலைநாட்டுக்குப் போனார்கள். வழியில் செத்தவர்கள் ஏராளம். முதலில் காப்பி, அது நோயில் அழிந்த பிறகு தேயிலை. வெள்ளைக்காரத் துரைகள் அந்தத் தோட்டங்களுக்காகத்தான் மலைக்காடுகளை அழித்தார்கள். இன்று அந்தப் பறவைகள் அரிதாக இருப்பதும், அந்தப் பெண்கள் லயத்தில் இருப்பதும் ஒரே கணக்குப் புத்தகத்தின் இரண்டு பக்கங்கள்.

1948-இன் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964-இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். மிச்சமிருந்த ஒன்றரை இலட்சம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தார்கள். நாடற்றவர்களாக எஞ்சியிருந்தவர்களுக்குக் குடியுரிமை தரும் சட்டம் 2003-இல்தான் வந்தது. தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை, முன்னோர் நடந்த வழியில், 2023-இல் ஒரு நடைப்பயணம் நடந்தது. இருநூறு ஆண்டுகளின் நினைவாக. நாள் கூலி ஆயிரம் ரூபாய் வேண்டும் என்று அவர்கள் பல ஆண்டுகள் போராடி அது 2021-இல் அறிவிக்கப்பட்டது. அந்த மலையில் எங்கள் அறைக்கு ஓர் இரவு வாடகை அதைவிடப் பல மடங்கு.

ஒரு பறவை இந்தத் தீவைச் சேர்ந்தது என்று சொல்ல நாம் தயங்குவதில்லை. இருநூறு ஆண்டுகளாக அதன் மண்ணைக் கொத்தியவளுக்கு அதைச் சொல்ல ஓர் அரசு ஐம்பத்தைந்து ஆண்டுகள் யோசித்தது. நான் பறவையைக் குறை சொல்லவில்லை. அதை எண்ணும் அக்கறை நம்மிடம் எவ்வளவு எளிதாக வருகிறது, இவளை எண்ணுவது எவ்வளவு கடினமாக இருக்கிறது என்பதைத்தான் சொல்கிறேன். பறவை பார்ப்பவர்களுக்கு ஒழுக்க விதிகள் உண்டு. கூட்டுக்கு அருகில் போகாதே. குஞ்சு பொரிக்கும் காலத்தில் பதிவுசெய்த குரலைப் போட்டு அழைக்காதே. படத்துக்காகத் துரத்தாதே. எல்லாம் நல்ல விதிகள். தேயிலைச் சரிவில் நிற்பவளைப் படம் எடுக்க இப்படி ஒரு விதியாவது யாராவது உங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்களா?

அப்படியென்றால் போகவே கூடாதா? இந்தக் கேள்வியை இன்னும் கூர்மையாகக் கேட்டவள் என் மாணவி ஒருத்தி. “எங்கம்மா களை எடுக்கப் போறாங்க மேடம். அவங்களுக்கு இதுக்கெல்லாம் நேரம் ஏது? இது வசதியானவங்க பொழுதுபோக்கு.” அவள் அம்மாவுக்கு என்னைவிட அதிகமாகப் பறவை தெரிந்திருக்கும் என்றேன். அவள் விடவில்லை. “தெரியும். ஆனா நின்னு பாக்க மாட்டாங்க. நின்னா கூலி போயிரும்.”

அவள் சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது. தெரிந்திருப்பது வேறு, நின்று பார்ப்பது வேறு. நின்று பார்ப்பதற்கு யாருக்கும் பதில் சொல்ல வேண்டியிராத ஒரு மணி நேரம் வேண்டும். அந்த நேரம் எனக்குக் கிடைப்பது, என் வீட்டில் யாரோ பாத்திரம் துலக்குவதாலும், யாரோ பறித்த தேயிலையை நான் குடிப்பதாலும். குற்ற உணர்ச்சியில் பைனாகுலரை மூட்டைகட்டி வைத்துவிட்டால் அந்த அம்மாவுக்கு என்ன கிடைக்கும்? ஒன்றும் கிடைக்காது. பார்க்கும் பெண்களில் ஒருத்தி குறைவாள், அவ்வளவுதான். நாம் கேட்க வேண்டியது அவளுக்கும் அந்த ஒரு மணி நேரம். எட்டு மணி நேர வேலை, நியாயமான கூலி, வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்று தொழிற்சங்கங்கள் கேட்பதெல்லாம், சும்மா நிற்கும் உரிமையையும் சேர்த்துத்தான்.

பார்வை கடனைத் திருப்பித் தருவதும் உண்டு. மேலூர் பக்கத்து அரிட்டாபட்டியை 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அரசு அறிவித்தது. அங்கே சுமார் 250 வகைப் பறவைகள் இருப்பதாகப் பதிவாகியிருந்ததும், லகர் வல்லூறு போன்ற அரிய வேட்டைப் பறவைகள் அந்தப் பாறைகளில் வாழ்வதும் அதற்குக் காரணங்களில் சில. லகர் வல்லூறு பழுப்பு நிறப் பறவை, எந்த நாட்காட்டியிலும் வராது. இரண்டே ஆண்டில், 2024 நவம்பரில், அந்தப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிந்தது என்று செய்தி வந்தது. ஊர்கள் திரண்டன. பெண்கள் கைக்குழந்தைகளோடு வந்து உட்கார்ந்தார்கள். 2025 ஜனவரியில் மதுரையை நோக்கி ஆயிரக்கணக்கானோர் நடந்தார்கள், அதே மாதம் ஏலம் ரத்தானது. யாரோ பொறுமையாக நின்று எழுதிய பறவைப் பட்டியல் அந்தப் போராட்டத்தின் கையில் ஒரு சான்றாக இருந்தது. மண்ணைக் காப்பாற்றியது அங்கே இருந்து, அங்கேயே உழுது, அங்கேயே தண்ணீர் எடுத்தவர்களின் கால்கள். பட்டியல் தனியாக எதையும் காப்பாற்றியிருக்காது. ஆனால் இரண்டும் சேர்ந்தபோது ஓர் ஊர் மிஞ்சியது.

பார்த்துவிட்டுப் போய்விடுகிறவர், பார்த்த இடத்துக்குக் கடன்பட்டவர். வெளிநாடு போய்ப் பறவை பார்க்கும் நம் போன்றவர்கள் இதைத் தாண்டிப் போக முடியாது. கடனை அடைக்க வழிகள் பெரிதாக ஒன்றுமில்லை. பழுப்பானதைப் பார்க்கப் பழகலாம். யாரைப் படம் எடுத்தோமோ அவர் நம்மைக் கேள்வி கேட்கும்போது வண்டியில் ஏறாமல் நின்று பதில் சொல்லலாம். அவர் ஊரைப் பற்றி எழுதும்போது பறவையின் பெயரோடு அவர் கூலியையும் எழுதலாம்.

மாதம் ஒரு சனிக்கிழமை மாணவிகளோடு கண்மாய்க்குப் போகிறேன். குறிப்பேட்டில் நேரம், பறவை, எண்ணிக்கை என்று மூன்று பத்திகள் எல்லோரும் போடுவார்கள். நாங்கள் இன்னும் இரண்டு போடுகிறோம்: பெட்டை என்ன செய்தது, கரையில் யார் வேலை செய்துகொண்டிருந்தார்கள். சென்ற முறை ஒருத்தி எழுதியிருந்தாள்: “6.40. தேன்சிட்டு 2. ஆண் கம்பியில் உட்கார்ந்து கத்தியது. பெட்டை நார் கொண்டுவந்து கூடு கட்டியது, பதினோரு தடவை. கரையில் நூறு நாள் வேலை, பெண்கள் 14, ஆண்கள் 2. ஒரு அக்கா பைனாகுலரைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். திருப்பித் தர நேரமானது.”